உஷாங்கியின் தாழியில் யாருடைய திராட்சை?

மக்வாலா வந்தபோது தெலாவி நகரில் மழை பெய்துகொண்டிருந்தது. குடையை வாசலிலேயே போட்டுவிட்டு, மேலங்கிக்குள் குழந்தையைப் போல அணைத்துப் பிடித்திருந்த மண்கூஜாவை மட்டும் உள்ளே கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். முடியிலிருந்து நீர் சொட்டியது. கூஜாவில் ஒரு துளி ஈரம் இல்லை.

"லமாராம்மா, முதல்ல இதைக் குடிங்க. அப்புறம் சொல்றேன்."

லமாரா ஜாபரிட்ஸே, போலீஸ் புலனாய்விலிருந்து ஓய்வு பெற்று, தக்காளி நாற்றும் குறுக்கெழுத்துமாக இருந்தவர். அவருடைய அண்ணன் மகன் கோச்சா, டாக்ஸி ஓட்டுகிறவன். அத்தை ஒரு வழக்கை எடுத்தால் டாக்ஸியில் மீட்டரை அணைத்துவிட்டு அவரோடு கிளம்பிவிடுவான்.

"வர்றவங்க எல்லாரும் இப்படிக் கூஜாவும் கையுமா வந்தா, நான் டாக்ஸியை வித்துருவேன் அத்தை" என்று சொல்லிக்கொண்டே மூன்று கோப்பைகளை எடுத்து வைத்தான்.

அது வெள்ளைத் திராட்சை ஒயின்தான். ஆனால் தோலும் விதையும் காம்புமாக மண்தாழிக்குள் மாதக்கணக்கில் ஊறியதால் கடுந்தேநீரின் நிறத்துக்கு வந்திருந்தது. அந்தப் பக்கத்து வீடுகளில் வெள்ளை என்றால் இந்த நிறந்தான். கோச்சா வழக்கம்போல ஒரே மூச்சில் கவிழ்க்கப் போனான். மூக்குக்குப் பக்கத்தில் வந்ததும் கை தானாக நின்றுவிட்டது. காயவைத்த ஆப்ரிகாட் பழம் போல ஒன்று. அதற்குப் பின்னால் தேன்மெழுகு. அதற்கும் பின்னால், மலையில் முதல் மழை விழும்போது பாறையிலிருந்து எழுமே, அந்த வாசம். ஒரு வாய் குடித்தான். விழுங்கிய பிறகும் அது போகவில்லை. தொண்டைக்குள் யாரோ மெல்லிய குரலில் பாடிக்கொண்டே இருப்பது போலிருந்தது. பேச்சுக்குப் பேர்போன கோச்சா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தான்.

லமாரா கண்ணை மூடியிருந்தார். "இது என்ன திராட்சை?"

"அதான் எங்களுக்கும் தெரியல" என்றாள் மக்வாலா. "அப்பா போட்டது ரகாட்சிதேலி. தாழியைத் திறந்தா இது இருக்கு. இதை வெச்சு எங்கப்பாவைத் திருடன்னு சொல்றாங்க."

மக்வாலாவின் அப்பா உஷாங்கிக்கு ஷூவானி கிராமத்தில் ஒரு சரிவு முழுக்க ரகாட்சிதேலித் தோட்டம். சாலைக்கு அந்தப் பக்கம் நோதாரின் தோட்டம், அங்கே கிக்வி. அதுவும் வெள்ளைத் திராட்சைதான், ஆனால் குறைவாகக் காய்க்கும், பெரிய பேர் உள்ள ரகம். நோதாரின் மகன் மிந்தியாவுக்கும் மக்வாலாவுக்கும் நிச்சயம் ஆகியிருந்தது. போன இலையுதிர் காலத்தில் ஆலங்கட்டி மழை சாலையின் இந்தப் பக்கத்தை மட்டும் அடித்துத் துவைத்துவிட்டுப் போனது. சரிவில் ஒரு கொத்து மிஞ்சவில்லை. கீழே ஓடைப் பள்ளத்தில், அக்ரூட் மரங்களின் அடியில் இருந்த கொடிகள் மட்டும் தப்பின. அதைப் பறித்து உஷாங்கி ஒரே ஒரு சின்னத் தாழியை நிரப்பினார். கொஞ்ச நாளில் நோதாரின் கிக்வி, அறுவடைக்குக் காத்திருந்தது அத்தனையும், பறிபோய்விட்டது. ஒரு நாள் அவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து யாரோ சுத்தமாக வழித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

ஈஸ்டர் முடிந்து, சம்பந்தி வீட்டாரை வைத்துக்கொண்டு தாழியைத் திறந்திருக்கிறார் உஷாங்கி. நோதார் ஒரு வாய் குடித்தார். முகம் கறுத்தது. 'இது ரகாட்சிதேலியா? இது என் கிக்வி!' என்று கோப்பையைத் தரையில் அடித்துவிட்டுப் போய்விட்டார்.

"அப்பா அதுல இருந்து சாப்பிடவே மாட்டேங்கிறார். சர்ச்சுக்கும் போறதில்ல. தாழி வாயில உக்காந்துக்கிட்டு, 'நான் போட்டது இது இல்லையே, இது இல்லையே'ங்கிறார். அவர் எடுக்கலன்னு எனக்குத் தெரியும். ஆனா உள்ள இருக்கறது ரகாட்சிதேலி இல்லங்கிறதும் எனக்கே தெரியுதே. நான் யாரை நம்பறது?"

லமாரா எழுந்து செருப்பைத் தேடினார். "கோச்சா, வண்டியை எடு. மிச்சத்தைக் குடிக்காத, அது சாட்சி."

"ஒரு சாட்சியை இவ்வளவு ஆசையா நான் விசாரிச்சதே இல்ல அத்தை" என்றான் கோச்சா.

மதியத்துக்குள் மழை விட்டுவிட்டது. வடக்கே மலைத்தொடர் முழுவதும் பனியோடு திறந்துகிடந்தது. உஷாங்கியின் நிலவறையில் தாழிகள் கழுத்துவரை மண்ணில் புதைந்திருந்தன. அவர் மகள் சொன்ன இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்; அகன்ற தோள், சவரம் செய்யாத முகம்.

"வாங்க. திருடன் வீட்டுக்கு வந்திருக்கீங்க" என்றார்.

"உஷாங்கி அண்ணே, பள்ளத்துல பறிச்ச பழம் எப்படி இருந்துச்சு?"

"பழம் பழமாத்தான் இருந்துச்சு. மழையில, சகதியில, அவசரத்துல பறிச்சோம். கொஞ்சம் சின்னதா, உருண்டையா இருந்துது. நிழல்ல காய்ச்சது அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

"முந்தின வருஷங்கள்ல?"

"மொத்தமா ஒண்ணாப் போட்டு மிதிச்சிருவோம். சரிவுல வண்டி வண்டியா வரும். பள்ளத்துல இருந்து வர்றது நாலு கூடை. அதைத் தனியா யார் பாக்கப் போறாங்க?"

லமாரா தோட்டத்துக்குப் போனார். சரிவில் வரிசைகள் நூல் பிடித்தாற்போல நேராக ஓடின. கூட்டுப்பண்ணைக் காலத்தில் டிராக்டர் விட்டு நட்டது. புதுத் தளிர்கள் ஒரு சாண் வளர்ந்திருந்தன. போகிற போக்கில் ஒன்றைக் கிள்ளி கோச்சாவிடம் நீட்டினார்.

"என்ன நிறம்?"

"தண்டு சிவப்பா இருக்கு."

ஓடைக்குள் இறங்குவதற்கு வேர்களைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கோச்சா ஒரு தடவை உட்கார்ந்தபடியே சறுக்கினான். கீழே வரிசை என்று எதுவும் இல்லை. கொடிகள் தோன்றிய இடத்தில் எழும்பி, அக்ரூட் மரங்களைச் சுற்றிக்கொண்டு மேலே போயிருந்தன. ஒரு கொடியின் அடி, கோச்சா இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்கிற அளவுக்கு இருந்தது. பட்டை உரிந்து நார் நாராகத் தொங்கியது. லமாரா அதிலும் ஒரு தளிரைக் கிள்ளினார்.

"இது?"

"வெளிர் பச்சை. ஏன் அத்தை, நிறத்துல என்ன இருக்கு?"

லமாரா இரண்டு தளிர்களையும் கைக்குட்டையில் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டார். "நோதாரைப் பாத்துட்டு வருவோம்."

நோதார் அவர்களை உட்காரச் சொல்லவில்லை. ஆனால் தன் கொட்டகையைக் காட்டுவதில் அவருக்கு ஆசை இருந்தது. பளபளக்கும் எஃகுத் தொட்டிகள், குழாய்கள், வெப்பமானிகள்.

"போலீஸ் எதுக்கு? ஆலங்கட்டியில அவன் தோட்டம் போச்சு. என் கிக்வி காணாமப் போச்சு. அவன் தாழி நிறைஞ்சிருக்கு. இதுக்கு மேல என்ன கணக்கு வேணும்?"

"கிக்வியை இந்தத் தொட்டியிலதான் போடுவீங்களா?"

"பின்ன? பிழிஞ்ச அன்னிக்கே தோலை வடிச்சுத் தள்ளிருவேன். ஊத்துத் தண்ணி மாதிரி வரும். எங்கப்பா காலத்துத் தாழியெல்லாம் நான் தலையெடுத்ததும் உடைச்சுப் பாதைக்குப் போட்டுட்டேன். இந்தப் பய ஒருத்தன்தான் தாழி தாழின்னு பினாத்திட்டு இருப்பான்" என்று வாசலில் நின்ற மகனைத் தாடையால் காட்டினார்.

மிந்தியா தலையைக் குனிந்துகொண்டான். நல்ல உயரம், கூச்சக்காரன். அவர்களை வண்டிவரை வழியனுப்ப வந்தான். கேட்டைத் திறந்துவிட்ட அவன் நகக்கண்களில் களிமண் காய்ந்து போயிருந்ததை கோச்சா பார்த்தான். விவசாயியின் கை வேறு எப்படி இருக்கும் என்று விட்டுவிட்டான்.

"பாவம், நல்ல விளைச்சல்" என்றார் லமாரா, வண்டிக் கதவில் கை வைத்தபடி. "போன வருஷக் கிக்வி எப்படி?"

"வெயில் நல்லா அடிச்சுது இல்லையா, அருமை" என்றான் மிந்தியா. அவன் முகத்தில் முதல்முறையாக ஒரு வெளிச்சம் வந்தது. "துவர்ப்பு மட்டும் கொஞ்சம் முன்னாடி நிக்குது. கோடை தாண்டினா அடங்கிரும்."

"அப்படியா? சந்தோஷம் தம்பி. நாளைக்கு மதியம் அப்பாவைக் கூட்டிக்கிட்டு உஷாங்கி வீட்டுக்கு வந்துருங்க."

வண்டி கிளம்பியதும் கோச்சா ஆரம்பித்தான். "அத்தை, எனக்குத் தெரிஞ்சுபோச்சு. உஷாங்கிதான். புலம்பல் எல்லாம் நடிப்பு."

"காலையில நீதானே அவருக்காகப் பரிதாபப்பட்டே?"

"சாட்சியைக் குடிச்சதுல மனசு இளகிருச்சு. இப்பத் தெளிஞ்சிருச்சு."

"இன்னும் தெளியல" என்றார் லமாரா.

மறுநாள் மதியம் நிலவறையில் ஐந்தாறு பேரே நிற்க இடமிருந்தது. நோதார் கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றார். உஷாங்கி தாழியின் வாயை விட்டு எழுந்திருக்கவில்லை. மக்வாலா அப்பாவின் பின்னால் நின்று, மிந்தியா இருந்த பக்கம் பார்க்காமலே இருந்தாள்.

லமாரா கைக்குட்டையை விரித்து இரண்டு தளிர்களையும் தாழியின் மூடிமேல் வைத்தார். வாடியிருந்தாலும் ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை என்பது தெளிவாகத் தெரிந்தது.

"நோதார் அண்ணே, ரகாட்சிதேலின்னா என்ன அர்த்தம்?"

"விளையாட்டா? சிவந்த தண்டுன்னு அர்த்தம். பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"தெரியும். தினமும் சொல்றதால யாரும் காது கொடுத்துக் கேக்கறதில்ல. இந்தச் சிவப்பு சரிவுல கிள்ளினது. இந்தப் பச்சை பள்ளத்துல கிள்ளினது. பள்ளத்துல ஒரு கொடிகூட சிவப்பு இல்ல."

உஷாங்கி மெல்லத் தலையைத் தூக்கினார்.

"சரிவுல கொடி எல்லாம் நேரா நிக்குது. டிராக்டர் ஏறி, இருந்ததைப் பிடுங்கிட்டு ரகாட்சிதேலி நட்டாங்க. பள்ளத்துக்குள்ள டிராக்டர் இறங்காது. நேத்து என் மருமகன் இறங்கினதையே நீங்க பாத்திருக்கணும். அதனால அங்க இருந்தது அப்படியே தங்கிருச்சு. பண்ணைக்கும் முந்தினது, உஷாங்கி அண்ணனோட தாத்தாவுக்கும் முந்தினதா இருக்கலாம். வருஷா வருஷம் வண்டி வண்டியா வந்த ரகாட்சிதேலியில அந்த நாலு கூடை கரைஞ்சு போச்சு. போன வருஷம் ஆலங்கட்டி மத்த எல்லாத்தையும் அடிச்சுட்டுப் போனதால, அது முதல் தடவையா தனியா ஒரு தாழிக்குள்ள விழுந்துது. உஷாங்கி அண்ணே, நீங்க போட்டது எதுவோ அதுதான் வந்திருக்கு. என்ன போட்டோம்னுதான் உங்களுக்குத் தெரியல."

நோதார் ஒப்புக்கொள்ளவில்லை.

"கதை நல்லா இருக்கு. என் நாக்கு சொல்லுது, அது கிக்வி."

"உங்க நாக்குக்கு எந்தக் கிக்வி தெரியும்? தொட்டியில போட்டு, தோலை வடிச்ச கிக்வி. தாழியில, சக்கையோட, குளிர்காலம் முழுக்க ஊறின கிக்வி என்ன நிறம், என்ன வாசம்? உங்க ஆயுசுல குடிச்சிருக்கீங்களா?"

நோதார் குனிந்து அந்தத் தளிர்களைப் பார்த்தார்.

"ரகாட்சிதேலி இல்லைன்னு உங்க நாக்கு சரியாச் சொல்லிருச்சு. அப்புறம் கோபம் வந்து மிச்சத்தைச் சொல்லிருச்சு. உங்க தோட்டமும் காலி, இங்க தெரியாத ஒரு வாசம். ரெண்டையும் ஒண்ணாக் கோத்துட்டீங்க."

"அப்போ என் கிக்வி எங்க?" நோதாரின் குரல் இறங்கியிருந்தது.

லமாரா கோச்சாவைப் பார்த்தார். "நேத்து வண்டியில ஏறும்போது, போன வருஷக் கிக்வி எப்படின்னு நான் கேட்டேன். என்ன பதில் வந்துச்சு?"

"அருமைன்னான். துவர்ப்பு முன்னாடி நிக்குது, கோடை தாண்டினா..." கோச்சா பாதியில் நின்றான். "அத்தை! 'நிக்குது'ன்னான்!"

"'நின்னிருக்கும்'னு சொல்லல. பிழியறதுக்கு முன்னாடியே களவு போன பழம். அது ஒயினா ஆகவே இல்ல. ஆகாத ஒயினுக்குத் துவர்ப்பு ஏது? அதுவும் தோலோட ஊறினாத்தான் அந்தத் துவர்ப்பு வரும். அவங்க அப்பாவோட தொட்டியில வரவே வராது. நகக்கண்ணுல களிமண் வேற. தாழி மூடியைத் தூக்கிப் பாத்துட்டு மறுபடி பூசற களிமண். எஃகுத் தொட்டிக்கு எதுக்குக் களிமண்?"

எல்லோரும் மிந்தியாவைப் பார்த்தார்கள். அவன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"அம்மாவோட பழைய வீட்டுல ஒரு தாழி இருக்கு" என்றான், தரையைப் பார்த்து. "மூணு வருஷமாக் கேட்டேன் அப்பா. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தாழியில போடுவோம்னு. சிரிச்சீங்க. கல்யாணத்தன்னிக்கு எல்லாருக்கும் முன்னாடி ஊத்திட்டு, 'இது நம்ம கிக்வி'ன்னு சொல்லணும்னு நினைச்சேன். நண்பர்களைக் கூட்டிப் பறிச்சேன். நீங்க கத்தினீங்க. அப்புறம் சொல்ல முடியல. இங்க தாழியைத் திறந்த அன்னிக்கு... அன்னிக்கும் வாய் வரல."

"போய் எடுத்துட்டு வா" என்றார் லமாரா.

அவன் போய்வருவதற்குள் நோதார் கட்டியிருந்த கையை அவிழ்த்துத் தொங்கவிட்டிருந்தார். மிந்தியா ஒரு கூஜாவோடு மூச்சிரைக்க வந்து அப்பாவின் கோப்பையில் ஊற்றினான்.

நோதார் குடித்தார். இரண்டாவது வாய் குடித்தார். பிறகு அந்தப் பெரிய மனிதர் தாழி விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, உஷாங்கிக்குப் பக்கத்தில், மண்தரையில் உட்கார்ந்தார். கோப்பை கோச்சாவின் கைக்கும் வந்தது. இது முந்தினதைப் போல இல்லவே இல்லை. காட்டுப்பூவும், அறுத்த புல்லும், எங்கோ தொலைவில் பழுத்த மாதுளையின் தோலும். இவ்வளவு காலம் வெள்ளை, சிவப்பு என்று இரண்டே வகை தெரிந்து குடித்துக்கொண்டிருந்தோமே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஒரே சாலையின் இரண்டு பக்கம். ஒரே வெயில். அதற்குள் இப்படி இரண்டு உலகமா?

"இது என் நிலத்துலயா இருந்துச்சு?" என்றார் நோதார். "இத்தனை வருஷமா?" தொப்பியைக் கழற்றிக்கொண்டு உஷாங்கியின் பக்கம் திரும்பினார். "சம்பந்தி..."

"சம்பந்தியான்னு என் மக சொல்லட்டும்" என்றார் உஷாங்கி.

மக்வாலா அப்போதுதான் மிந்தியாவை நேராகப் பார்த்தாள்.

"பழத்தை எடுத்தது எனக்குப் பெரிசில்ல. உங்கப்பா, உன் தோட்டம், உங்க சண்டை. எங்கப்பா சோறு இறங்காம உக்காந்திருந்தாரே, தினமும் அந்த ரோட்டுலதான நடந்து போனே? ஜன்னல் வழியாப் பாத்திருப்பே இல்ல?"

"பாத்தேன்."

"பாத்துட்டு எப்படிப் போனே?"

மிந்தியா கூஜாவைத் தரையில் வைத்தான்.

"ஞாயித்துக்கிழமை சர்ச் முற்றத்துல ஊரே நிக்கும். எங்கப்பாவை எந்த வார்த்தை சொன்னாங்களோ அந்த வார்த்தையை நீ உன்னைப் பாத்துச் சொல்லு. அப்புறம் வந்து கேளு. நான் என்ன சொல்வேன்னு எனக்கே இப்பத் தெரியாது."

அவன் சொன்னான். குரல் எழும்பாமல் முதலில் தடுமாறி, பின் சத்தமாகச் சொன்னான் என்று கோச்சாவுக்குச் செய்தி வந்தது. பக்கத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நோதாரும் நின்றாராம். மக்வாலா கொஞ்ச நாள் அவனைக் காக்கவைத்தாள். கொடிகள் பூக்கும் பருவத்தில் சரி என்றாள்.

அந்தப் பருவத்தில்தான் உஷாங்கி மறுபடி கூப்பிட்டனுப்பினார். திராட்சை ரகங்களையே ஆயுள் முழுக்க ஆராய்ந்த இஸோல்டா என்ற விஞ்ஞானியை லமாரா வரவழைத்திருந்தார். வெண்முடி, தடித்த கண்ணாடி, முழங்காலில் வலி. கிசி, கிக்வி, மட்ஸ்வானே, மேற்கு மலைகளின் ட்சோலிகௌரி, கிராகூனா என்று நாட்டின் வெள்ளை ரகங்கள் எதை நீட்டினாலும் இலையைத் தொட்டே சொல்லிவிடுவார் என்று பேர். நோதாரும் மிந்தியாவும் ஆளுக்கொரு கை கொடுத்து அவரைப் பள்ளத்துக்குள் இறக்கினார்கள்.

பள்ளம் முழுவதும் பூவாசம். திராட்சைப் பூ கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. ஆனால் காற்றே இனித்தது. இஸோல்டா இலையைப் புரட்டினார். அடிப்பக்கத்தை விரலால் தடவினார். பூங்கொத்தைக் கண்ணாடிக்கு நெருக்கமாகக் கொண்டுபோனார். அடுத்த கொடிக்குப் போனார். திரும்பி முதல் கொடிக்கே வந்தார். மேலே அக்ரூட் கிளைகளில் கொடி எங்கே முடிகிறது என்று கோச்சா அண்ணாந்து பார்த்தான், தெரியவில்லை.

"என்ன ரகம்மா?" என்றார் உஷாங்கி, பொறுக்க முடியாமல்.

இஸோல்டா அந்தத் தடித்த அடிமரத்தில் உள்ளங்கையை வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். கண்கள் நிறைந்திருந்தன, ஆனால் முகம் சின்னப் பெண்ணின் முகம் போல மலர்ந்திருந்தது.

"எனக்குத் தெரியாது" என்றார். "நான் இதைப் பாத்ததே இல்ல."

பிறகு முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல், ஈர மண்ணில், அந்தக் கொடியின் அடியில் உட்கார்ந்துகொண்டார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் உட்கார்ந்தார்கள்.